இரு சராசரிகளின் வேறுபாடும் ஐங்குறுநூற்று அடியளவும்

முன்னுரை
இரு புலவர்தம் பாடல்களின் சராசரி அடியளவு வேறுபட்டால், அதனை நடைவேறுபாடாகக் கொள்ளும் எண்ணம் ஆய்வாளர்க்கு எளிதில் எழும். அம்முடிவு எப்போது செல்லும் என்பதை ஐங்குறுநூற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சோதனையின் அடிப்படை
இரு முழுமைத் தொகுதிகளின் சராசரிகள் சமம் என்பது இன்மைக் கருதுகோள். மாதிரிச் சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப்பிழையால் வகுத்துக் கிடைக்கும் மதிப்பு, முன்னரே வரையறுத்த எல்லையைக் கடந்தால் அக்கருதுகோள் மறுக்கப்படும். பெரிய மாதிரிகளுக்கு, 5 விழுக்காட்டு மிகைகாண் நிலையில், இருமுனைச் சோதனையின் எல்லை 1.96 ஆகும். மாதிரியின் உறுப்புகள் ஒன்றையொன்று சாராதிருத்தல் இன்றியமையாத நிபந்தனை.

ஐங்குறுநூற்றில் எழும் சிக்கல்
3 முதல் 6 அடிகள் வரையிலான பாடல்களைக் கொண்ட இந்நூலில் மருதத்தை ஓரம்போகியாரும், நெய்தலை அம்மூவனாரும், குறிஞ்சியைக் கபிலரும், பாலையை ஓதலாந்தையாரும், முல்லையைப் பேயனாரும் பாடினர். திணைக்கு நூறு பாடல்கள். நெய்தலில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கபிலரின் 100 பாடல்களும் அம்மூவனாரின் எஞ்சிய 98 பாடல்களும் சராசரியில் வேறுபடின், அதற்குக் காரணம் புலவரா, திணையா? புலவர் மாறுமிடத்தெல்லாம் திணையும் மாறுவதால், இச்சோதனை அதற்கு விடை தராது. மேலும், பாடல்கள் பத்துப்பத்தாக அமைந்தவை. வேட்கைப் பத்தின் பாடல்கள் அனைத்தும் ஒரே வாழ்த்தில் தொடங்குகின்றன. இவற்றைச் சார்பற்ற பத்து உறுப்புகளாக எண்ணினால் திட்டப்பிழை உண்மையினும் குறைந்து தோன்றக்கூடும்.

மாற்று வழி
திணையை நிலைநிறுத்திப் புலவரை மாற்ற வேண்டும். குறுந்தொகையில் கபிலரின் குறிஞ்சிப் பாடல்களைப் பிறர் குறிஞ்சிப் பாடல்களோடு ஒப்பிடுதல் அத்தகையது. ஆயினும் குறுந்தொகை 4–8, நற்றிணை 9–12, அகநானூறு 13–31 என்னும் அடிவரையறையில் தொகுக்கப்பட்டவை. ஆதலின் அங்கு அடியளவு தொகுப்பு நெறியையும் சார்ந்தது. இடைச்சொற்களின் வருகை போன்ற அளவையே ஏற்புடையது.

வட்டார வழக்காய்வுக்கும் இது பொருந்தும். சிவகாசிப் பகுதியின் எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிலாளர் பேச்சையும் உழவர் பேச்சையும் ஒப்பிடுவோர், முன்னவருள் பெண்களையும் பின்னவருள் ஆண்களையும் மட்டும் பதிவு செய்தால், வேறுபாடு தொழிலால் வந்ததா, பாலால் வந்ததா என்று அறிய இயலாது. ஒரே தகவலாளியின் நூறு தொடர்கள் நூறு தகவலாளிகளுக்கு ஈடாகா.

முடிவுரை
சோதனை, வேறுபாடு தற்செயலானது என்பதை மறுக்க மட்டுமே உதவும். அதன் காரணத்தைக் கூற மாதிரியின் அமைப்பு இடந்தர வேண்டும். எனவே கணக்கிடுவதற்கு முன்பே, நூலின் தொகுப்பு முறையை ஆராய்தல் தமிழாய்வாளரின் கடனாகிறது.