எக்ஸர்ட், இன்ஃப்ளுயன்ஸ், கம்பெல்: மெயிலில் எது, ரெஸ்யூமேயில் எது?

வெண்டர் சரக்கை அனுப்பாமல் இழுத்தடித்தார். தினமும் போன் போட்டு, விடாமல் துரத்தி, ஒருவழியாக வாங்கிவிட்டீர்கள். இதை மேலாளருக்கு ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள்? நம்மில் பலருக்குச் சட்டென்று விரலில் வருவது 'ஃபோர்ஸ்' அல்லது 'கம்பெல்'. இரண்டுமே இங்கே பொருந்தாது.

முதலில் கம்பெல்லைப் பார்த்துவிடுவோம், அதிகச் சிக்கல் அதில்தான். விருந்துக்குப் போன இடத்தில் "இன்னும் ரெண்டு இட்லி வெச்சுக்கோங்க" என்று அன்பாக வற்புறுத்தினாலும் 'ரொம்ப கம்பெல் பண்ணாங்க' என்பது நம் பேச்சு. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அவ்வளவு மென்மையானதல்ல. சட்டமும் நீதிமன்றமும் கம்பெல் செய்யும். அதாவது மறுக்க வழியே இல்லை. 'மை மேனேஜர் கம்பெல்ட் மீ டு ஸ்டே லேட்' என்று எச்.ஆருக்கு எழுதினால் அதைப் புகாராகத்தான் படிப்பார்கள். மேலாளர் பிடிவாதமாகச் சொன்னார் என்பது மட்டும்தான் விஷயம் என்றால் 'இன்சிஸ்டட்' போதும். வேண்டி, வலியுறுத்திக் கேட்டார் என்றால் 'அர்ஜ்ட்'.

வெண்டர் கதைக்கு ஏற்ற சொல் எக்ஸர்ட். ஆனால் அதற்கு ஓர் இலக்கணக் கட்டுப்பாடு உண்டு. எதைச் செலுத்துகிறோமோ அதுதான் அதை அடுத்து நிற்கும்: பிரஷர், இன்ஃப்ளுயன்ஸ், கன்ட்ரோல். யார் மேல் என்பது 'ஆன்' அல்லது 'ஓவர்' சேர்ந்து பின்னால் வரும். 'வி எக்ஸர்டட் பிரஷர் ஆன் தி வெண்டர்' சரி. 'வி எக்ஸர்டட் தி வெண்டர்' தவறு. 'எக்ஸர்ட் யுவர்செல்ஃப்' என்றால் உடலை வருத்திக்கொள்வது; டாக்டர் 'வேண்டாம்' என்று சொல்வது இதைத்தான். பதவி தரும் உரிமையைப் பயன்படுத்துவதற்கு 'எக்ஸர்சைஸ்' என்பதே கடிதங்களில் வழக்கம். 'வீல்ட்' அதிகாரம் படைத்தவரைப் பற்றிப் பிறர் எழுதும் சொல். நம்மைப் பற்றி நாமே எழுதினால் தம்பட்டமாக ஒலிக்கும்.

அடுத்தது இன்ஃப்ளுயன்ஸ். நம்மூரில் 'அவருக்கு இன்ஃப்ளுயன்ஸ் இருக்கு' என்றால் மந்திரி வரை ஆள் இருக்கிறது, சிபாரிசு நடக்கும் என்று பொருள். வேலை விளம்பரங்கள் கேட்பது அதையல்ல. பதவி பலம் இல்லாமலே பிறரை ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் திறமையைக் கேட்கின்றன. வினையாக எழுதும்போது 'ஆன்' சேர்க்காதீர்கள்: 'இன்ஃப்ளுயன்ஸ்ட் தி டெசிஷன்'. பெயர்ச்சொல்லாக வந்தால்தான் 'இன்ஃப்ளுயன்ஸ் ஆன்'.

இன்னொன்று: ரெஸ்யூமேயில் 'இன்ஃப்ளுயன்ஸ்ட் ஸ்டேக்ஹோல்டர்ஸ்' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. யாரை, எதற்கு என்று சொல்லுங்கள். 'பர்ஸ்வேடட் ஃபைனான்ஸ் டு பே வெண்டர்ஸ் வீக்லி இன்ஸ்டெட் ஆஃப் மன்த்லி' என்ற ஒரே வரியில் உங்கள் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. பர்ஸ்வேட் என்பது ஒருவரைச் செயல்பட வைப்பது. கன்வின்ஸ் என்பது நம்ப வைப்பது. இப்போதெல்லாம் அகராதிகள் இந்த எல்லையைத் தளர்த்திவிட்டன. ஆனாலும் வித்தியாசத்தோடு எழுதினால் தெளிவு கூடும்.

ரெஸ்யூமேயில் கவனிக்க வேண்டிய இன்னொரு சொல் 'லெவரேஜ்'. கடன் வாங்கி முதலீட்டைப் பெருக்குவதைக் குறிக்க நிதித்துறையில் புழங்கும் சொல் அது. 'லெவரேஜ்ட் எக்செல்' என்று எழுதுவதில் கூடுதலாக எதுவும் கிடைக்காது, 'யூஸ்ட்' போதும். 'லெவரேஜ்ட் மை டீம்' என்பதோ கூட வேலை செய்தவர்களைக் கருவியாக்கிவிடுகிறது. என் கருத்தில் அடித்துவிட வேண்டிய வரி அது.

சில சொற்களுக்குச் சட்டக் கனமும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு 'கோயர்ஷன்' பற்றியது, 16-ஆவது பிரிவு 'அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்' பற்றியது. முன்னது மிரட்டிச் சம்மதிக்க வைப்பது. பின்னது ஒருவரின் விருப்பத்தையே ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் அடைவது. இப்படிப் பெற்ற ஒப்பந்தத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யக் கோரலாம். எனவே கோபத்தில் 'கோயர்ஸ்ட்' என்று மெயிலில் எழுதுமுன் நிதானம் வேண்டும். உண்மையிலேயே மிரட்டல் நடந்திருந்தால் தயங்காமல் அதையே எழுத வேண்டும்.

மத்திய அரசு வேலைக்குப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். தன் பணி தொடர்பான விஷயத்துக்காக மேலதிகாரி மீது அரசியல் செல்வாக்கையோ வேறு வெளிச் செல்வாக்கையோ செலுத்துவதை, செலுத்த முயல்வதையும்கூட, 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 20-ஆவது விதி தடை செய்கிறது. வங்கி, பொதுத்துறை ஆட்சேர்ப்பு அறிவிப்புகளின் கடைசிப் பக்கங்களில் 'கேன்வாசிங்' என்ற சொல் கண்ணில் பட்டால் அந்த வரியை முழுதாகப் படியுங்கள். சிபாரிசு பிடித்தால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும் என்பதுதான் அங்கே எழுதியிருப்பது.