பாடம் 9: கடலில் இரண்டு இரவுகள்

நுழையும் முன்

மும்பைத் தமிழர் பலர் விடுமுறைதோறும் தொடர்வண்டியில் சொந்த ஊருக்குச் செல்கின்றனர். கடல் அருகிலேயே இருந்தும் கடற்பயணம் அவர்களுள் பலருக்குப் புதியது. பயணியர் கப்பலை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, கப்பலில் எவற்றை எதிர்பார்ப்பது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

விளம்பரமும் நிபந்தனையும்

தாணேயில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் ஒருவர், தம் குடும்பத்தைக் கப்பற் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்தார். அவருடைய தாயார் திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையூரான உவரியில் பிறந்தவர். தந்தையும் தமையன்மாரும் கட்டுமரத்தில் செல்வதைக் கரையில் நின்று பார்த்து வளர்ந்தவர். ஆயினும், அவர் ஒருநாளும் கடலில் சென்றதில்லை.

மும்பையிலிருந்து கோவாவுக்கு 2018ஆம் ஆண்டு 'ஆங்கிரியா' என்னும் கப்பல் இயங்கத் தொடங்கியது. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் பெயரை நினைவூட்டுவது அது. 1990ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் பெருங்கப்பல் 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மும்பையிலிருந்து பயணத்தைத் தொடங்கியது. பின்னர் அது சென்னையிலிருந்து இலங்கைக்கும் சென்றது. இத்தகைய கப்பல்களின் விளம்பரங்களைக் கண்டே தந்தைக்கு ஆவல் பிறந்தது.

மே மாத இறுதியில் புறப்படும் மூன்று இரவுப் பயணம் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் நிபந்தனைகளைப் பொறுமையாகப் படித்தாள். "அப்பா, இக்கட்டணம் ஓர் அறைக்கு அன்று, ஓர் ஆளுக்கு. வரி தனி. இந்த விலைக்குக் கிடைக்கும் அறையில் சன்னலும் இல்லை" என்றாள்.

கப்பலில் பொதுவாக நான்கு வகை அறைகள் உண்டு. உட்புற அறைக்குச் சன்னல் இராது, கட்டணம் குறைவு. கடல்நோக்கு அறைக்குத் திறக்க இயலாத கண்ணாடிச் சன்னல் இருக்கும். மாடமுள்ள அறையில் வெளியே அமர்ந்து கடலைக் காணலாம். பெருங்கூடமுள்ள அறையே விலைமிக்கது. அறை எதுவாயினும் உணவுக்கூடம், அரங்கம், நீச்சற்குளம் ஆகியவை அனைவருக்கும் பொது. முதன்மை உணவு கட்டணத்துள் அடங்கும். மது, இணையம், கரையில் ஏற்பாடு செய்யப்படும் சுற்றுலா, மருத்துவம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனியே செலுத்த வேண்டும்.

பருவம் அறிதல்

தந்தை தேர்ந்த நாளும் பொருத்தமாக இல்லை. சூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கொந்தளிக்கச் செய்யும். மும்பை இதனை மறந்துவிடவில்லை. 1947ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள், மும்பையிலிருந்து ரேவஸ் நோக்கிச் சென்ற 'ராம்தாஸ்' என்னும் கப்பல் கடும் அலையில் கவிழ்ந்தது. 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இக்காலக் கப்பல்கள் மிகப் பெரியவை. வானிலை எச்சரிக்கையும் முன்கூட்டியே கிடைக்கிறது. எனினும், அமைதியான கடலை விரும்புவோர்க்கு மழைக்குப் பிந்திய மாதங்களே ஏற்றவை. எனவே, பயணம் மழைக்காலத்திற்குப் பின் வரும் விடுமுறைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எஞ்சியது ஒரு கேள்வி. சேர்த்த பணத்தில் சன்னல் இல்லாத அறையில் மூன்று இரவுகள் தங்கலாம். அன்றேல் கடல்நோக்கு அறையில் இரண்டு இரவுகள் தங்கலாம். "ஓர் இரவு கூடுதலாகக் கிடைக்குமே" என்றார் தந்தை. தாய் கணக்கை மீண்டும் பார்த்தார். ஆச்சியிடம் எவரும் கேட்கவில்லை. மகளே சென்று, "ஆச்சி, உங்களுக்கு எது வேண்டும்?" என்று வினவினாள்.

"நான் பார்க்காத கட்டடமா, அரங்கமா? விடியும்போது நடுக்கடல் எப்படி இருக்கும் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைப் படுக்கையிலிருந்தே பார்க்க முடியுமானால் ஓர் இரவு போதும்" என்றார் ஆச்சி. தந்தை மறுமொழி கூறவில்லை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கடல்நோக்கு அறை ஒன்றை இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்தார். கப்பலின் அசைவு அப்பகுதியில்தான் குறைவாக உணரப்படும்.

கப்பலில்

புறப்படும் நாளில் அவர்கள் தாணேயிலிருந்து மின்தொடர்வண்டியில் சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையத்தை அடைந்தனர். 1853ஆம் ஆண்டு இந்தியாவின் முதற்பயணியர் தொடர்வண்டி ஓடிய வழித்தடம் அது. அங்கிருந்து பல்லார்டு பியர் கப்பல் முனையம் தொலைவில் இல்லை. வானூர்தி நிலையத்தைப் போலவே அங்கும் அடையாள அட்டையும் உடைமைகளும் சோதிக்கப்படுகின்றன. ஆகவே, சில மணி நேரம் முன்னதாகவே செல்லுதல் நன்று. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தரப்படும். அதுவே அறைச் சாவி. செலவுக் கணக்கும் அதிலேயே பதிவாகும்.

கப்பல் கரையை விட்டு அகன்றதும் கைப்பேசித் தொடர்பு அறுபடும். கப்பல் ஆடும்போது உட்செவி அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்களோ அசைவைக் காண்பதில்லை. இம்முரண்பாடே தலைச்சுற்றலையும் குமட்டலையும் உண்டாக்குகிறது. தொடுவானத்தை நோக்கியிருத்தல், எளிய உணவு உண்ணுதல் ஆகியவை துணைசெய்யும். பலர் நெருங்கி வாழும் இடமாதலால் வயிற்றுநோய் விரைவில் பரவும். உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல் இன்றியமையாதது. இடைத்துறைமுகத்தில் இறங்குவோர் குறித்த நேரத்திற்குள் திரும்ப வேண்டும். தாமதித்தவருக்காகக் கப்பல் காத்திராது.

ஏழு குறுவொலியும் ஒரு நெடுவொலியும்

கப்பலில் ஏறியவுடன் அனைவரும் பாதுகாப்புப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டனர். "விடுமுறைக்கு வந்தும் பயிற்சியா?" என்று சிலர் சலித்துக்கொண்டனர். 1912ஆம் ஆண்டு 'டைட்டானிக்' மூழ்கியபோது, கப்பலில் இருந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே உயிர்காப்புப் படகுகளில் இடம் இருந்தது. அதன் விளைவாக 1914ஆம் ஆண்டு கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. 2012ஆம் ஆண்டு சனவரி 13ஆம் நாள் இத்தாலி நாட்டுக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதி 32 பேர் இறந்தனர். அன்று புதிதாக ஏறியவர்களுக்குப் பயிற்சி நடைபெற்றிருக்கவில்லை. அதனை 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்னரோ புறப்பட்டவுடனோ அதனை நடத்த வேண்டும் என விதி மாற்றப்பட்டது.

ஏழு குறுவொலிகளைத் தொடர்ந்து ஒரு நெடுவொலி எழுந்தால், குறித்த இடத்தில் கூட வேண்டும். மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது. ஊழியர் காட்டியவாறு ஆச்சி உயிர்காப்பு அங்கியை அணிந்து வார்களை இறுக்கினார். "என் அப்பாவுக்கு இப்படி ஒன்று இருந்ததில்லை" என்றார்.

மறுநாள் விடியற்காலை மகள் கண்விழித்தபோது ஆச்சி சன்னலருகே அமர்ந்திருந்தார். கரை எங்கும் தெரியவில்லை. மகள் எழுந்து அவர் அருகே சென்று அமர்ந்தாள்.

சொற்பொருள்

ஆச்சி – பாட்டி (நெல்லை வழக்கு)
தமையன் – அண்ணன்
தொடுவானம் – வானும் கடலும் கூடுவதாகத் தோன்றும் இடம்
அன்றேல் – இல்லாவிடில்

பயிற்சி

1. மகள் நிபந்தனைகளில் கண்டறிந்த மூன்று செய்திகள் யாவை?
2. கடற்பயணத்தில் குமட்டல் ஏன் உண்டாகிறது?
3. 2015இல் மாறிய விதி யாது? அதற்குக் காரணமான நிகழ்ச்சியை எழுதுக.
4. பிரித்து எழுதுக: கடற்பயணம், நீச்சற்குளம், அறைக்கு.
5. ஆச்சியின் விருப்பத்தை எவரும் முதலில் கேட்காதது ஏன்? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
6. செயல்பாடு: உம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் காண விரும்பியும் காணாத இடம் எதுவெனக் கேட்டு எழுதி வருக.