முகம் கெடாமல் படம் சுருங்குமா?

கேள்வி: தேர்வு விண்ணப்பத்தில் 50 கேபிக்குள் புகைப்படம் கேட்கிறார்கள். கைபேசியில் எடுத்த படமோ 4 எம்பி. சுருக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகிறது. என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தரத்தில் கைவைக்கும் முன் படத்தின் நீள அகலத்தைக் குறையுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் சுமார் 1.2 கோடி புள்ளிகள் இருக்கின்றன. 3.5 செ.மீ. அகலமும் 4.5 செ.மீ. உயரமும் கொண்ட பாஸ்போர்ட் படத்தைத் தெளிவாக அச்சிட 413 × 531 புள்ளிகள் போதும். அதாவது சுமார் 2.2 லட்சம். மிச்சமெல்லாம் வீண் சுமைதான்.

முகத்தை வெட்டியெடுத்து, இந்த அளவுக்குக் குறைத்த பிறகு, ஜேபெக் தரத்தை 80 முதல் 85 வரை வைத்துச் சேமியுங்கள். அப்போதும் 50 கேபியைத் தாண்டினால் ஐந்தைந்தாகக் குறைத்துப் பாருங்கள்.

கட்டங்கள் தெரிவதற்குக் காரணம் இதுதான்: ஜேபெக் முறை படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழிக்கிறது. தரத்தை மிகவும் தாழ்த்தினால், கண்ணுக்குத் தெரியும் விவரங்களும் போய், சதுரங்களின் விளிம்புகள் துருத்திக்கொள்ளும்.

வெற்றுச் சுவர் முன் நின்று எடுத்த படம் எளிதில் சுருங்கும். பூப்போட்ட திரைச்சீலை இடத்தை அடைக்கும்.

சுருக்கிய படத்தையே மீண்டும் சுருக்காதீர்கள்; இழந்த விவரம் திரும்பாது. ஒவ்வொரு முறையும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.