கண்டியிலிருந்து ஒரு நாள் கடல்

கேள்வி: பிள்ளைகளோடு ஒரே நாளில் நிலாவெளிக்குப் போய், புறாமலைத் தீவையும் பார்த்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பலாமா? வழிகாட்டியோடு வேன் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். (கட்டுகஸ்தோட்டை வாசகி)

பதில்: போகலாம், ஆனால் விடியுமுன் புறப்பட வேண்டும். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். போகவே ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே கடல் அமைதி. வாடை தொடங்கிவிட்டால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

புறாமலை 2003 இல் தேசியப் பூங்காவானது. நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர். படகில் சில நிமிடம்தான். இறங்கியதும் காலடியில் இருப்பது வெறும் மணல் அல்ல. இறந்த பவளத் துண்டுகள், விரலளவில், எலும்புபோல வெளுத்து, மிதிக்கும்போது கலகலக்கும். பிள்ளைகளுக்குச் செருப்பு கட்டாயம். முழங்கால் ஆழத்திலேயே மீன்கள் வந்துவிடும். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களைக்கூடக் காணலாம், பயப்பட வேண்டாம். உயிருள்ள பவளத்தின்மேல் மட்டும் யாரையும் ஏறி நிற்க விடாதீர்கள். ஒரு மிதியில் முறிவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். இதைச் சொல்லித் தராதவர் வழிகாட்டியே அல்ல.

படகுக் கூலி, அனுமதிச்சீட்டு, உயிர்காப்பு அங்கி எல்லாம் பேசிய பணத்துக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கோணேஸ்வரத்தையும் அதே நாளில் திணிக்க வேண்டாம். பொழுது சாயுமுன் ஹபரணையைத் தாண்டிவிடுங்கள். அந்தப் பாதையில் யானைகள் குறுக்கே வரும். ஓர் இரவு தங்க முடிந்தால், என் விருப்பம் அதுதான்.