மில்லிமீட்டரில் ஒரு வரலாறு

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு, தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்நிலையம் அன்றோடு தன் பணியை முடித்துக்கொண்டது. பின்னர், தண்டவாளங்களில் பெரும்பகுதி அகற்றப்பட்டது. 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை இன்று மக்கள் நடந்து மகிழும் பசுமைவழியாகத் திகழ்கிறது.

மறைந்துபோன அப்பாதையை மீண்டும் கண்முன் நிறுத்த ஒரு வழி உண்டு. அதுதான் மாதிரி ரயில் கலை.

மாதிரி ரயில்களில் பரவலாகப் பயன்படும் ‘எச்ஓ’ அளவுமுறையில், ஒவ்வொரு பொருளும் அதன் உண்மையான அளவில் 87இல் ஒரு பங்காகச் செய்யப்படுகிறது. கடைகளில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435 மில்லிமீட்டர் வரும். சிங்கப்பூர்ப் பெருவிரைவு ரயில்கள் ஓடும் பாதையின் அகலம் இதுவே. ஆனால், தஞ்சோங் பகாருக்கு வந்த ரயில்கள் ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடியவை. அவற்றின் மாதிரியை 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் நிறுத்தினால், ரயில் கால்களை அகட்டி நிற்பதுபோல் தோன்றும். சரியான இடைவெளி சுமார் 11.5 மில்லிமீட்டர்தான். எனவே, அளவு பிசகாத மாதிரியை விரும்புவோர் குறுக்குக்கட்டைகளை அடுக்கி, தண்டவாளத்தைத் தாங்களே கையால் அமைக்கின்றனர்.

சக்கரங்களிலும் இதே சிக்கல் எழுகிறது. ரயில் தடம் புரளாமல் காப்பது சக்கரத்தின் உட்புற விளிம்பு. உண்மையான சக்கரத்தில் இவ்விளிம்பு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் ஆழம் உடையது. மாதிரியில் அது மூன்று தாள்களின் கனம் அளவே இருக்க வேண்டும். விளையாட்டு ரயில்களிலோ விளிம்பு இதைவிடப் பலமடங்கு பெரியது. அதனால், மேடுபள்ளமான தண்டவாளத்திலும் அவை ஓடிவிடும். மெல்லிய விளிம்புள்ள சக்கரமோ சிறு பிழையையும் பொறுக்காது; உடனே தடம் புரண்டுவிடும். இதைத் தவிர்க்க, பாதையைச் சமமாக அமைப்பதுடன், ஒவ்வொரு சக்கரமும் சற்றே மேலும் கீழும் அசையுமாறு நுண்ணிய சுருள்வில்களையும் பொருத்துகின்றனர்.

இடமும் ஒரு சவால்தான். 24 கிலோமீட்டர் பாதையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் சுமார் 276 மீட்டர் நீளம் வரும். எந்த அடுக்குமாடி வீட்டிலும் அதற்கு இடமில்லை. ஆகவே, ஒரு நிலையத்தையோ ஒரு பாலத்தையோ தேர்ந்தெடுத்துச் செய்வதே இயலும்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா? மலாயா ரயில்வேயில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தண்டவாளம் பதித்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். அவர்கள் வெயிலில் அளந்து பதித்த பாதை ஒரு மீட்டர் அகலம் கொண்டது. மாதிரியில் அந்த அகலம் மாறினால், காண்பது வேறொரு நாட்டின் பாதையாகிவிடும். அளவைச் சரியாகப் பேணுவது, அவர்களின் உழைப்பை உள்ளபடியே நினைவுகூர்வதாகும்.

சிந்தித்துக் கலந்துரையாடுக:
1. மெல்லிய விளிம்புள்ள சக்கரங்கள் எளிதில் தடம் புரள்வது ஏன்?
2. உங்கள் வட்டாரத்தில் மறைந்துவரும் ஓர் இடத்திற்கு மாதிரி செய்வதானால், எவ்வளவுகளை முதலில் குறித்துக்கொள்வீர்கள்?