ஒரு கோப்பை கீரை என்றால் எவ்வளவு?



"நாங்க தினமும் கீரை சாப்பிடுறோமே, அப்புறம் எப்படி ரத்தம் குறையும்?" என்று பலர் கேட்பதுண்டு. கீரை நல்லதுதான். ஆனால் எவ்வளவு சாப்பிட்டோம் என்ற கணக்கில்தான் தவறு வருகிறது.

கால் லிட்டர் பிடிக்கும் கோப்பை ஒன்றை எடுங்கள். அதில் பச்சை முளைக்கீரையை, சந்தையில் பாயாம் என்கிறோமே, அதை அள்ளிப் போட்டால் எடை ஏறக்குறைய 28 கிராம்தான். இலைகளுக்கு நடுவே இருப்பது வெறும் காற்று. அதே கோப்பையில் வெந்த கீரையை நீர் வடித்துப் போட்டால் ஏறக்குறைய 130 கிராம் இருக்கும். ஆகவே ஒரு கோப்பை வெந்த கீரைக்குப் பச்சையாக நாலைந்து கோப்பை வேணும்.

மலேசிய உணவு வழிகாட்டி, வெந்த கீரை அரைக் கோப்பையை ஒரு பங்கு என்கிறது. அது ஏறக்குறைய 65 கிராம். ஒரு நாளைக்குக் காய்கறி 3 பங்கு வேண்டும்.

வீட்டில் நிறுவை இல்லையா? இப்படிச் செய்யுங்கள்:

1. வெந்த பிறகே அளக்கவும். தண்ணீரோடு அளக்க வேண்டாம். அமுக்கியும் நிரப்ப வேண்டாம்.

2. கூட்டு என்றால் பருப்பையும் தேங்காயையும் கீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. அஞ்சு பேருக்கு ஆளுக்கு அரைக் கோப்பை என்றால் வெந்த கீரை 325 கிராம் வேணும். வேரும் முற்றிய தண்டும் கழிந்துபோகும். அதனால் அரை கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

கர்ப்பிணித் தாய்மார்கள் கவனிக்கவும். வெந்த முளைக்கீரை ஒரு கோப்பையில் இரும்புச் சத்து ஏறக்குறைய 3 மில்லிகிராம். அதிலும் உடம்பில் சேருவது கொஞ்சம்தான். பச்சையில் ஒரு கோப்பை அளந்து சமைத்தால் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. கர்ப்பிணிகள் தினம் மாத்திரையாக எடுக்க வேண்டிய இரும்புச் சத்து 30 முதல் 60 மில்லிகிராம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதைக் கீரையால் மட்டும் எட்ட முடியாது. "கீரை சாப்பிடுறேனே" என்று மிஸ்ஸி கொடுத்த மாத்திரையைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். பிள்ளைப்பேற்றில் ரத்தம் போனால், ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு தாங்காது.

கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரையும் வேணும், மாத்திரையும் வேணும்.