கொல்கத்தாவில் நர்ஸ் வேலை: தேர்வர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

நர்சிங் முடித்தவுடன் "எந்த ஊரில் இடம் காலி?" என்று விசாரிக்கிறோம். அந்த ஊரில் ஆள் எடுப்பது யார் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கொல்கத்தாவை வைத்துப் பார்ப்போம்.

நர்ஸ் பதிவு: தொடர்புடைய கவுன்சில்கள்
• இந்திய நர்சிங் கவுன்சில் – 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அதற்கு மாற்றாக வந்த சட்டம் 2023இல் நிறைவேறியது.
• மேற்கு வங்க நர்சிங் கவுன்சில் – 1934ஆம் ஆண்டின் வங்காள நர்சுகள் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. தமிழ்நாட்டுக் கவுன்சிலின் சட்டம் 1926.

மாநில அரசுப் பணி
• தேர்வு செய்வது: மேற்கு வங்க சுகாதாரத் தேர்வு வாரியம். தமிழ்நாட்டின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு (எம்.ஆர்.பி.) இணையானது.
• பதவி: ஸ்டாஃப் நர்ஸ், கிரேடு 2.
• வங்காளம் அல்லது நேபாளி மொழி தெரிந்திருப்பது அவசியம்.
• டார்ஜிலிங் மலை முதல் சுந்தரவனம் வரை எங்கும் பணியமர்த்தலாம். கொல்கத்தாவே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மத்திய அரசுப் பணி
• நார்செட் – நர்சிங் ஆபீசர் பணிக்கான பொதுத் தேர்வு; 2020இல் தொடங்கியது. நடத்துவது டெல்லி எய்ம்ஸ். நதியா மாவட்டத்துக் கல்யாணி எய்ம்ஸுக்கும் இதுவே வழி.
• முதல்நிலை, முதன்மை என இரு தேர்வுகள். எய்ம்ஸ் இடங்களில் 80 விழுக்காடு பெண்களுக்கு.
• தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.44,900 (நிலை 7).
• பி.எஸ்சி. நர்சிங் முடித்தவருக்கு அனுபவம் தேவையில்லை. ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் கட்டாயம்.
• இ.எஸ்.ஐ. – 2024இல் யு.பி.எஸ்.சி. மூலம் நாடு முழுவதற்கும் 1,930 நர்சிங் ஆபீசர் இடங்கள் அறிவிக்கப்பட்டன. கொல்கத்தாவில் ஜோகாவில் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி உள்ளது.
• ரயில்வே – ஆர்.ஆர்.பி. தேர்வு, பதவி நர்சிங் சூப்பரின்டென்டென்ட். சியால்டாவில் பி.ஆர். சிங் மருத்துவமனை, கார்டன் ரீச்சில் தென்கிழக்கு ரயில்வே மருத்துவமனை.

தனியார் துறை
• கிழக்குப் பெருநகர பைபாஸ் சாலையை ஒட்டி அப்போலோ, ரூபி, பீர்லெஸ், ஃபோர்டிஸ் என்று பெரிய மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன.
• இவை வடகிழக்கு மாநில நர்சுகளைப் பெரிதும் நம்பியவை. 2020 மே மாதம், கொரோனா காலத்தில், 300க்கும் மேற்பட்ட நர்சுகள் வேலையை விட்டுச் சொந்த ஊர் திரும்பினர். பெரும்பாலோர் மணிப்பூர்ப் பெண்கள். தொற்று அச்சம், பெற்றோரின் கவலை, தங்களிடம் காட்டப்பட்ட பாகுபாடு ஆகியவற்றை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள்.
• தொலைவிலிருந்து போகிறவர் சேரும் முன்பே கேட்க வேண்டியவை: விடுதி எங்கே, இரவுப் பணிக்கு வண்டி உண்டா, ஒப்பந்தக் காலம் எவ்வளவு. அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

யார் எங்கே தொடங்கலாம்?
• பி.எஸ்சி. முடித்தவர்: படித்த சூட்டோடு நார்செட் எழுதுங்கள்.
• ஜி.என்.எம். முடித்தவர்: 50 படுக்கைக்குக் குறையாத தனியார் மருத்துவமனையில் சேருங்கள். விலகும்போது அனுபவச் சான்றிதழில் பணிக்காலத்தையும் படுக்கை எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். நார்செட்டுக்கு உங்கள் அனுபவத்தைக் காட்டும் சான்று அந்தத் தாள்தான்.